பழைய 1210க்கு டர்போ எஞ்சின்: வேலூர் வெயிலில் ஒரு சூட்டுக் கணக்கு

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்பா ஓட்டிய டாடா 1210 எஸ்.இ. லாரி வீட்டு வாசலில் நிற்கிறது. சேசிஸும் பாடியும் கெட்டியாக இருக்கின்றன, எஞ்சின்தான் தேய்ந்துபோய் ஆயில் குடிக்கிறது. பட்டறை வேலை தெரிந்த நண்பன் ஒருவன் கூட இருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து டர்போ எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டலாமா? இல்லை, இருக்கிற எஞ்சினுக்கே டர்போவை மட்டும் வைத்துவிடலாமா? எவ்வளவு செலவாகும், மைலேஜ் கிடைக்குமா?

தம்பி, மாட்டலாம். நானும் என் நண்பனும் 2014இல் இதே வேலையைச் செய்தோம். அணைக்கட்டு பக்கம், அவன் மாமனார் வீட்டுக் களத்தில், இதே 1210 வண்டியில். எஞ்சினை இறக்கி உட்கார வைக்க மூன்று நாள் ஆனது. அதன் சூட்டை அடக்க ஐந்து மாதம் ஆனது. எங்களுக்கு வந்த தொல்லைகளை எண்ணினால் பத்துக்கு எட்டு சூட்டில்தான் போய் முடியும். அதனால் என் பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டாவது கேள்வியை முடித்துவிடுகிறேன். பழைய எஞ்சினுக்கு டர்போவை மட்டும் மாட்டாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது டாடா 692. ஆறு சிலிண்டர், 92 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 4,788 சிசி. 1954இல் டாடா பென்ஸ் கம்பெனியோடு கைகோத்து லாரி செய்யத் தொடங்கி, 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் பல வருஷம் அதே வழியில் வந்த எஞ்சின். 1210 என்ற பெயரிலேயே அதன் கணக்கு இருக்கிறது: மொத்த எடை 12 டன், சக்தி சுமார் 100 குதிரை. தானாக இழுக்கும் காற்றுக்கு எவ்வளவு டீசல் எரியுமோ, அந்தச் சூட்டைத் தாங்குவதற்கு வார்த்த எஞ்சின் அது. டர்போவுக்கென்றே செய்த எஞ்சின்களில் கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, குறைத்திருப்பார்கள், பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்க ஏற்பாடு இருக்கும், ஆயில் கூலர் பெரிதாக இருக்கும், வால்வும் சிலிண்டர் தலையை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டும் வேறு தரத்தில் இருக்கும். வெளியே தொங்கும் டர்போவை மட்டும் பார்த்துவிட்டு இதையெல்லாம் மறந்தால், முதல் மலை ஏற்றத்திலேயே ஹெட் கேஸ்கட் போகும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் பிஸ்டனே ஓட்டையாகும். அதிலும் உங்கள் எஞ்சின் ஏற்கெனவே தேய்ந்தது.

டர்போவின் வேலை என்னவென்று ஒரு தடவை பார்த்துவிடலாம், பின்னால் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சைலன்சருக்குப் போகும் புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். நம் ஊருக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை, சோளிங்கர் பக்கம் புலிவலத்தில் டர்போ செய்யும் ஆலையே இருக்கிறது. சரி, காற்றை அமுக்கினால் அது சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். மே மாதம் வேலூரில் 40 டிகிரியில் கிடைக்கும் காற்றை 0.7 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) அமுக்கினால், டர்போ சுமாரான திறனோடு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும் காற்று 110 டிகிரியைத் தொட்டுவிடும். அழுத்தம் 70 சதவீதம் கூடியிருக்கும். ஆனால் சூட்டில் காற்று விரிந்துவிடுவதால், உள்ளே போகும் காற்றின் எடை 38 சதவீதம் அளவுக்குத்தான் கூடியிருக்கும். இன்டர்கூலர், அதாவது காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டர், வைத்து அதே காற்றை 60 டிகிரிக்கு இறக்கினால் அந்த 38 சதவீதம் 60 வரைக்கும் போகும். நாற்பது டிகிரி ஊரில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். கூடுதல் சக்தி என்பது அந்தக் கூடுதல் காற்றில் எரிக்கும் கூடுதல் டீசல்தான். எரிந்த டீசலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. மீதி புகையோடும் ரேடியேட்டர் தண்ணீரோடும் போயாக வேண்டும்.

எந்த எஞ்சின் என்றால், இரண்டு வழி உண்டு. ஒன்று, 1613 மாதிரி வண்டிகளில் வந்த டாடா 697 டர்போ. 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், 5,675 சிசி. இன்னொன்று, ஜாம்ஷெட்பூரில் 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸில் செய்த 5.9 லிட்டர் எஞ்சின், 5,883 சிசி. எஞ்சின் என்ற அளவில் பார்த்தால் கம்மின்ஸ்தான் ஒரு படி மேல், நண்பனுக்கும் அதன் மேல்தான் ஆசை. நான் 697இல் நின்றேன். உங்கள் வண்டியும் டாடா, அதுவும் டாடாவின் பழைய குடும்பம். உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மேஸ்திரிகள் ஆம்பூரிலிருந்து வாலாஜா வரை இருக்கிறார்கள், காகித வேலைக்கும் அதுதான் சுளுவு. கம்மின்ஸ் என்றால் எஞ்சினைத் தாங்கும் ஃபவுண்டேஷனிலிருந்து ஆக்சிலேட்டர் ராடு வரை எல்லாவற்றையும் நீங்களே உண்டாக்க வேண்டும்.

வாங்கும்போது எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள், செட்டாக வாங்குங்கள். கிளட்ச், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், டீசல் பம்ப், ஏர் ஃபில்டர், ரேடியேட்டர், ஃபேன், அதைச் சுற்றி நிற்கும் தகட்டுக் கூண்டு, ஃபவுண்டேஷன் பிராக்கெட், ரப்பர், எல்லா ஹோஸும், கிளிப் உட்பட. நாங்கள் ரேடியேட்டரும் கூண்டும் வேண்டாம் என்று சொல்லி ஆறாயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டோம். அந்த ஆறாயிரம் என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். காயலான் கடையில் பில் கட்டாயம் வாங்குங்கள், எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அதன் ஆர்.சி. ரத்தானதா என்று எழுத்தில் வாங்குங்கள். எஞ்சின் நம்பர் அடித்த இடத்தில் அரம் போட்ட தடயமோ புதுப் பெயின்டோ இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காகிதம் என்றதும் பலர் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதுதான் முதல் வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுதான் வண்டியை மாற்றுவது பற்றிப் பேசுவது. நாங்கள் செய்த காலத்தில் முன்கூட்டி மனு கொடுத்து, அனுமதி வந்த பிறகுதான் கழற்றினோம். வேலை முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, சேசிஸ் நம்பருக்கும் எஞ்சின் நம்பருக்கும் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, ஆர்.சி.யில் ஏற்றினோம். இன்று நிலைமை இறுகியிருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.சி.யில் இல்லாத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அந்த நம்பரைத்தான். ஆகவே எங்கள் கதையை முன்னுதாரணமாகக் காட்டாமல், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். மறுத்துவிட்டால் நல்ல 692 ஒன்றை ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) போட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அனுமதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய எஞ்சினைக் கழற்றும் முன்பே அளவு எடுத்துவிடுங்கள். சேசிஸின் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் குறுக்கே நூல் கட்டி, கிராங்க் புல்லியின் நடுப்புள்ளி நூலுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் வால் ஃபிளாஞ்சில் ரசமட்டம் வைத்துச் சாய்வையும் பாருங்கள். எஞ்சின் எப்போதும் லேசாகப் பின்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வும் பின்னால் டிஃபரன்ஷியல் மூக்கின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிராமல் சுற்றும். எங்களுக்குப் புது கியர்பாக்ஸ் நீளமாக இருந்ததால் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து 45 மி.மீ. வெட்டிச் சுருக்கி, மறுபடி பேலன்ஸ் செய்து வாங்கினோம். பேலன்ஸ் பார்க்காமல் வெல்டிங் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

தூக்குவது பற்றி ஒரு வார்த்தை. களத்தில் ஒரு புளியமரம் இருந்தது. செயின் பிளாக்கை அதன் கிளையில் கட்டிவிடலாம் என்று நண்பன் ஏறியே விட்டான். எஞ்சின் நானூறு கிலோவுக்கு மேல். அவன் மாமனார் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே, “எங்க தாத்தா வச்ச மரம் மாப்ள, இரும்ப தொங்க வுட்டு ஒடிச்சிடாதீங்க” என்றார். மாமனார் சொல் என்பதால் இறங்கினான். அப்புறம் போர்வெல் மோட்டார் தூக்குகிறவரிடம் முக்காலியை நாள் வாடகைக்கு எடுத்து வந்தோம். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குழாயோடு தூக்கும் முக்காலி இதற்குத் தாராளம். ஊருக்கு ஊர் கிடைக்கும்.

உட்கார வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. டர்போவிலிருந்து இறங்கும் எல்போ கேபின் தரையை முட்டியது. தரையை வெட்டித் தூக்கினோம், குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பட்டை சுற்றித் தகடு அடித்தோம். அதற்கு முன் ஓட்டிய இரண்டு நாளில் என் செருப்பின் அடி இளகிவிட்டது. பக்கத்தில் போகும் ஒயரிங்கையும் டீசல் குழாயையும் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது ஆயில். இதில்தான் நாங்கள் அதிகம் முட்டாளானோம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் ஸ்டார்ட் நன்றாக இருந்தது. பத்து நிமிடம் ஐடிலில் ஓடியதும் சைலன்சரில் நீல வெள்ளைப் புகை. ஆக்சிலேட்டர் கொடுத்தால் மறையும், விட்டால் மறுபடி வரும். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிகிறது. டர்போ போய்விட்டது என்று முடிவு கட்டினோம். கழற்றிக்கொண்டு போய் சர்வீஸ் செய்தோம், ஒன்பதாயிரம் ரூபாய். மாட்டினோம். அதே புகை. சர்வீஸ் செய்தவரோடு சண்டைக்குப் போனோம். புது டர்போ வாங்கப் பணம் தேடிக்கொண்டிருந்தபோது, ராணிப்பேட்டையிலிருந்து நண்பனுக்குத் தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவர் வேறு வேலையாக வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். டர்போவின் அடியிலிருந்து சம்புக்கு, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் பாத்திரத்துக்கு, இறங்கும் ரிட்டர்ன் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “இங்க இன்னாத்துக்குத் தொட்டில் கட்டி வச்சிருக்கீங்க?” என்றார்.

குழாய் ஃபவுண்டேஷன் பிராக்கெட்டைத் தாண்டுவதற்காக நாங்கள் அதை வளைத்திருந்தோம். வளைவில் குழாய் கீழே இறங்கி, ஓர் அங்குலம் மேலே ஏறி, அப்புறம் சம்புக்குள் போனது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. அவர் குழாயைக் கழற்றச் சொல்லி, அதே சாய்வில் கையில் பிடித்துக்கொண்டு, டீ குடித்த கண்ணாடி டம்ளரில் எஞ்சின் ஆயிலை எடுத்து மேல்வாயில் ஊற்றினார். ஆயில் போனது, வளைவில் தேங்கியது, மேல்வாய் வரை ஏறி நின்றது, அப்புறம்தான் மறுமுனையில் நூல் மாதிரி ஒழுகியது. “சும்மா ஊத்துன ஆயிலே நிக்குது. டர்போலருந்து வர்றது மோர் கடைஞ்ச நுரையாட்டம் வரும். அது எப்படி ஏறும்?”

டர்போவுக்குள் ஆயில் பிரஷரோடு போகிறது. ஆனால் வெளியே வருவது வெறும் ஈர்ப்பில்தான், தள்ளுவதற்கு எதுவும் கிடையாது. அதோடு, நாம் சீல் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம்தான். ஆயில் உடனுக்குடன் வடிந்தால்தான் அது தாங்கும். தேங்கினால் இரண்டு பக்கமும் கசியும், நல்ல டர்போவும் செத்த டர்போ மாதிரி புகையும். ரிட்டர்ன் குழாய் முடிந்தவரை நேராகக் கீழே இறங்க வேண்டும், உள்விட்டம் பெரிதாக இருக்க வேண்டும், சம்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நாங்கள் பிராக்கெட்டை அரை அங்குலம் அறுத்துவிட்டுக் குழாயை நேராக இறக்கினோம். புகை நின்றது. சர்வீஸ்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டோம்.

ஆயில் போகும் குழாயில் திரெட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். துண்டு கிழிந்து உள்ளே போய் அடைத்தால் தண்டுக்குப் பட்டினி. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கையாலேயே ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை செல்ஃப் அடியுங்கள். ஓட்டி வந்து நிறுத்தும்போது இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். மலை ஏறி வந்த டர்போவை உடனே அணைத்தால் உள்ளே நிற்கும் ஆயில் கருகிக் கரியாகும். அப்பா காலத்துப் பழக்கத்தில் வளர்ந்த டிரைவருக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் கஷ்டம்.

காற்று வரும் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஆயில் பாத் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, டர்போ வண்டியின் பேப்பர் ஃபில்டரையே வையுங்கள். நம் செம்மண் புழுதியும் கல்குவாரித் தூசியும் அந்த வேகத்தில் சுற்றும் விசிறியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும். குழாயை மூடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். ஒரு நட்டு, ஒரு துண்டு வேஸ்ட் துணி போதும், விசிறி தூள். நண்பன் அலுமினியத் தட்டில் நட்டுகளை எண்ணி வைத்து, மாட்டி முடித்ததும் மறுபடி எண்ணுவான். நான் சிரிப்பேன். ஒரு நாள் ஒன்று குறைந்தது, அரை நாள் தேடினோம், டர்போ வாயிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் கிடந்தது. அப்புறம் சிரிப்பதில்லை.

டீசல் பம்புக்கு வருகிறேன். டர்போ எஞ்சினின் பம்பில் பூஸ்டைப் பார்த்து டீசலைக் கூட்டும் ஒரு டயாஃப்ரம் இருக்கும். காற்று வந்த பிறகு டீசல் போகட்டும் என்பதற்காக வைத்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்க்ரூவைத் திருகிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பினால் வண்டிக்குப் பிக்கப் கூடிவிட்டது என்று ஒரு நினைப்பு. அந்தப் புகை எரியாத டீசல், உங்கள் காசு. எங்கள் பம்பை பெஞ்சில் போட்டு, ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு இத்தனை சிசி என்று ஆறு லைனும் ஒரே அளவாக வரும்படி பாய் ஒருவர் செட் செய்து கொடுத்தார். பக்கத்தில் நின்ற நண்பன், “இன்னும் ரெண்டு திருகு வுடுங்க பாய், வண்டி பறக்கட்டும்” என்றான். பாய் நிமிரவே இல்லை. “டீசல் எவ்ளோ வேணா வுடறேன் தம்பி, காத்த எங்கேருந்து கொண்டாருவ?” என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூவில் கம்பி கோத்து ஈய சீல் வைத்தார்.

டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் மேனிஃபோல்டில், புகைச் சூடு காட்டும் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பைரோமீட்டர் என்பார்கள். நாங்கள் வைத்துக்கொண்ட விதி: முள் 650 டிகிரியைத் தாண்டி நின்றால் காலை எடு, கியரை இறக்கு. தண்ணீர்ச் சூடு காட்டும் முள் இரண்டு நிமிடம் கழித்துச் சொல்வதை இது அந்த நொடியே சொல்லிவிடும்.

இனி அந்த ஆறாயிரம் ரூபாய்க் கதை. ரேடியேட்டர் பழையதே போதும் என்று விட்டோம் இல்லையா. காலியாக வேலூருக்கும் ஒடுகத்தூருக்கும் ஓட்டியபோது முள் அசையவில்லை. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போனபோதும், கிரீன் சர்க்கிள் நெரிசலில் லேசாக ஏறி இறங்கியதோடு சரி. பிறகு ஒரு மே மாதம் எட்டு டன் செங்கல் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறினோம். பகல் பதினொரு மணி. வண்டி இழுத்த இழுவை இருக்கிறதே, பழைய எஞ்சினில் முதல் கியரில் முனகிய வளைவுகளை இரண்டாவதில் ஏறினோம். நண்பன் ஜன்னலில் தட்டிக்கொண்டே வந்தான். பாதி மலையில் தட்டல் நின்றது. “மச்சான், முள்ளு ஏறுதுடா.” அடுத்த வளைவில் ரேடியேட்டர் மூடி சீறியது.

அந்த இடத்தில் மூடியைத் திறக்கக் கூடாது. அரை பார் மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சினை அணைக்காமல் ஐடிலில் விட்டு நாற்பது நிமிடம் நின்றோம். சும்மா நிற்க முடியாமல் நண்பன் சீட்டுக்கடியில் இருந்த பழைய பேப்பரைக் கிழித்து ரேடியேட்டர் முன்னால் ஒவ்வொரு மூலையாகக் காட்டினான். நடுவில் காட்டினால் பேப்பர் ஒட்டிக்கொண்டது. மேல் மூலைகளில் காட்டினால் கையை விட்டு எதிர்ப்பக்கம் பறந்தது. அங்கே ஃபேன் காற்றை இழுக்கவில்லை. பின்பக்கத்துச் சூட்டுக்காற்று ஓரமாகச் சுற்றி முன்னால் வந்து, அதே காற்று மறுபடி உள்ளே போகிறது. வேண்டாமென்று விட்டுவந்த கூண்டு இதைத் தடுப்பதற்கானது.

கூண்டைத் தகட்டில் அடித்து, ஃபேன் இறக்கை நுனிக்கும் அதற்கும் ஒன்றரை விரல் இடைவெளி வைத்தோம். ரேடியேட்டரின் கோர், அதாவது தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்களின் அடுக்கு, மூன்று வரிசையாக இருந்ததை நாலு வரிசையாக மாற்றினோம். என் கணிப்பில் கோர் மாற்றியதைவிடக் கூண்டுதான் அதிகம் உதவியது. பழைய கோர் அடுக்கை அறுத்துப் பார்த்தபோது குழாய்களில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு அப்படி. கூலன்ட்டை நல்ல தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், வழியில் குழாயடியில் பிடித்து ஊற்றுவதை விட்டுவிடுங்கள். சூடாகிறது என்றதும், தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பைபாஸ் உள்ள எஞ்சினில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும்.

பிரேக் அதே 12 டன் வண்டியின் பிரேக்தான், அச்சும் ஸ்பிரிங் பட்டையும் அதேதான். எஞ்சின் 16 டன் இழுக்கும் என்பதற்காக ஏற்றாதீர்கள். ஏற்றத்தில் இரண்டாவதில் ஏறிய வளைவை இறக்கத்தில் முதல் கியரில்தான் இறங்குகிறோம். எக்ஸாஸ்ட் பிரேக் செட்டோடு கிடைத்தால் அதையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

செலவு: எங்களுக்கு எஞ்சின் கியர்பாக்ஸ் செட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பம்ப், டர்போ சர்வீஸ், கிளட்ச், ஷாஃப்ட், ரேடியேட்டர், லேத் கூலி, சைலன்சர் எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சத்தில் நின்றது, எங்கள் இரண்டு பேர் கூலி கணக்கில் இல்லை. 2014 வாக்கில் இருந்த விலை அது. இப்போது நானாக இருந்தால் இரட்டிப்பாக ஒதுக்கிக்கொண்டுதான் இறங்குவேன். நீங்கள் ஒரு லட்சம் வைத்திருந்தால் ரீபோர்தான் சரியான வழி.

மைலேஜ்: முன்பு லோடோடு லிட்டருக்கு நாலு கொடுத்த வண்டி இப்போது நாலரை கொடுக்கிறது, மலைப் பக்கம் போனால் நாலேகால். பெரிய லாபம் இல்லை, ஆனால் அதே நடைக்கு நேரம் குறைகிறது. பாய் வைத்த ஈய சீல் இன்னும் உடையாமல் இருக்கிறது. நண்பன் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறான்.